லூப்புக்குள் சரம் சேர்த்தால் நிரல் ஏன் திணறுகிறது?

சோதித்துப் பார்த்தபோது நூறு வரிகளைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துக் கொடுத்த நிரல் அது. உண்மையான பயன்பாட்டுக்கு வந்து, ஒரு லட்சம் வரிகளை அதனிடம் கொடுத்ததும் கணினியின் விசிறி இரையத் தொடங்குகிறது. திரை அப்படியே நிற்கிறது. விடையில் பிழை இல்லை, வரத்தான் நேரமாகிறது. தரவுத்தளத்தைச் சந்தேகிக்கிறோம், இணைய வேகத்தைச் சந்தேகிக்கிறோம். கடைசியில் பிடிபடுவது பல நேரங்களில் லூப்புக்குள், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுக்குள், அப்பாவியாக உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு வரிதான்:

அறிக்கை += வரி

(இது வெறும் விளக்கத்துக்கான வரி அல்ல. ஜாவாவும் பைத்தான் 3-உம் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். பைத்தானில் இதை அப்படியே தட்டச்சு செய்தால் ஓடும்; ஜாவாவில் கடைசியில் ஓர் அரைப்புள்ளி சேர்க்க வேண்டும்.)

பார்ப்பதற்கு, ஏற்கெனவே உள்ள அறிக்கையின் கடைசியில் ஒரு வரியை ஒட்டுவது போலத் தெரிகிறது. ஆனால் ஜாவா, சி ஷார்ப், பைத்தான், கோ போன்ற மொழிகளில் ஸ்ட்ரிங் எனப்படும் சரம் (எழுத்துகளின் தொடர்) ஒருமுறை உருவானால் உருவானதுதான். அதில் ஓர் எழுத்தைக்கூடப் பிறகு மாற்றவோ சேர்க்கவோ முடியாது. எனவே மேலே உள்ள வரி உண்மையில் செய்வது வேறு. பழைய அறிக்கையும் புதிய வரியும் சேர்ந்து கொள்ளும் அளவுக்கு நினைவகத்தில் புதிய இடம் பிடிக்கிறது. பழைய அறிக்கையின் எல்லா எழுத்துகளையும் அங்கே நகலெடுக்கிறது. அதன் பின்னால் புதிய வரியை நகலெடுக்கிறது. பிறகு ‘அறிக்கை’ என்ற பெயரைப் புதிய சரத்துக்கு மாற்றிக் கட்டுகிறது. பழைய சரம் யாருக்கும் வேண்டாததாகிறது.

சரங்களை ஏன் இப்படி மாறாதவையாக வைத்தார்கள் என்று எரிச்சல் வரலாம். காரணம் இருக்கிறது. மாறாத ஒன்றைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டாலும் ஒருவர் செய்வது மற்றவரைப் பாதிக்காது. பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரே சரத்தைப் பூட்டு இல்லாமல், அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் படிக்கலாம். சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தேடித்தரும் அகராதி அமைப்புகளில் சாவியாக வைக்கலாம்; நடுவில் சாவி மாறிவிடுமோ என்ற பயம் இல்லை. ஜாவா ஒரு சரத்தின் ஹாஷ் மதிப்பை (அதன் எழுத்துகளிலிருந்து பெறும் ஓர் எண்) ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்து வைத்துக்கொள்வதும் இந்த நம்பிக்கையில்தான். அன்றாட வேலைகளுக்கு இது நல்ல ஏற்பாடு. லூப்பில்தான் கடிக்கிறது.

எவ்வளவு கடிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒவ்வொரு வரியும் 50 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 50 எழுத்துகள் நகலாகின்றன. இரண்டாவதில் பழைய 50, புதிய 50, ஆக 100. மூன்றாவதில் 150. நூறு வரிகள் முடியும்போது மொத்தம் நகலான எழுத்துகள் 2,52,500. இன்றைய கணினிக்கு இது தூசு. அதனால்தான் சோதனையின்போது யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. ஆயிரம் வரிகளுக்கு இரண்டரைக் கோடி. பத்தாயிரம் வரிகளுக்கு 250 கோடி. ஒரு லட்சம் வரிகளுக்கு 25,000 கோடி.

வரிகள் பத்து மடங்கு கூடும்போது வேலை நூறு மடங்கு கூடுகிறது. ஒன்று முதல் ஒரு குறிப்பிட்ட எண் வரை கூட்டும் பள்ளிக்கூடக் கணக்குதான் இது. அதன் விடை அந்த எண்ணின் வர்க்கத்தைத் தொட்டு வளர்கிறது. பத்தாயிரம் வரி அறிக்கையின் இறுதி நீளம் வெறும் ஐந்து லட்சம் எழுத்து. அதைப் பெற 250 கோடி எழுத்துகளை நகலெடுத்திருக்கிறோம். நடுவில் உருவாகி வீணான சரங்கள் ஏறத்தாழ பத்தாயிரம். அவற்றை அள்ளிப்போடும் கார்பேஜ் கலெக்டரின் உழைப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. ஜாவா 9 முதல், ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள சரம் எழுத்துக்கு ஒரு பைட் வீதம் சேமிக்கப்படுகிறது. ஒரே ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் முழுச் சரமும் எழுத்துக்கு இரண்டு பைட் என்ற அமைப்புக்கு மாறிவிடும். ஆகவே அதே பத்தாயிரம் வரி லூப் ஆங்கிலத்தில் சுமார் 2.5 ஜிகாபைட் நினைவகத்தை எடுத்து எடுத்து எறிந்தால், தமிழில் 5 ஜிகாபைட். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘கி’ கணினிக்கு ககரமும் இகரக் குறியுமாக இரண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால் தொகை இன்னும் ஏறும்.

இந்த நோய்க்கு நிரலாளர்களிடையே ஒரு பழைய நகைச்சுவையின் பெயர் வழங்குகிறது. ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற அமெரிக்க நிரலாளர் 2001-இல் எழுதிய கட்டுரை ஒன்றால் அது பரவியது. ஷ்லமீல் என்பவருக்குச் சாலையின் நடுவே கோடு போடும் வேலை. முதல் நாள் 300 கஜம் போட்டு முதலாளியை அசத்துகிறார். மறுநாள் 150. அதற்கடுத்த நாள் வெறும் 30. ஏன் என்று கேட்டால், ‘நான் என்ன செய்வேன், பெயின்ட் டப்பா நாளுக்கு நாள் தூரமாகிக்கொண்டே போகிறதே’ என்கிறார். டப்பாவைத் தொடங்கிய இடத்திலேயே வைத்துவிட்டு, தூரிகையை நனைக்க ஒவ்வொரு முறையும் அங்கே நடந்து போகிறார்! ஸ்போல்ஸ்கி இதைச் சொன்னது சி மொழியை மனத்தில் வைத்து. அங்கே சரம் எங்கே முடிகிறது என்பதை ‘எஸ்டிஆர்கேட்’ என்ற செயற்கூறு ஒவ்வொரு முறையும் முதல் எழுத்திலிருந்து தேடிக்கொண்டு போகும். சி மொழியில் நடப்பது தேடல், ஜாவாவில் நடப்பது நகல். நடை என்னவோ ஒன்றுதான்.

ஆகவே பழி கூட்டல் குறியின் மேல் இல்லை. ஏற்கெனவே நகலெடுத்ததை மறுபடி மறுபடி நகலெடுப்பதில்தான் இருக்கிறது. தீர்வு எந்த மொழியில் எந்தப் பெயரில் வந்தாலும் இந்த மறுநகலைத் தவிர்ப்பதாகவே இருக்கும்.

ஜாவாவில் அதற்கான கருவி ஸ்ட்ரிங்பில்டர். 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது. அதற்கு முன் ஸ்ட்ரிங்பஃபர் மட்டும்தான் இருந்தது. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆனால் ஸ்ட்ரிங்பஃபர் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் கைவைத்தாலும் குழம்பாமல் இருக்க ஒவ்வொரு செயலிலும் பூட்டைத் தொடும். ஒரு லூப்புக்குள் ஒரே த்ரெட் மட்டும் எழுதும்போது அந்தப் பூட்டு எதற்கு? பழைய பாடப்புத்தகங்களைப் பார்த்து இன்றும் ஸ்ட்ரிங்பஃபர் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தவறில்லை, தேவையும் இல்லை.

ஸ்ட்ரிங்பில்டரின் உள்ளே இருப்பது மாற்றக்கூடிய ஓர் எழுத்து வரிசை. அதற்கு இரண்டு அளவுகள் உண்டு: எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது நீளம், எவ்வளவு கொள்ளும் என்பது கொள்ளளவு. ஒன்றும் சொல்லாமல் உருவாக்கினால் கொள்ளளவு 16. ‘அப்பெண்ட்’ செய்யும்போது, அதாவது கடைசியில் ஒட்டும்போது, காலி இடம் இருந்தால் அங்கே எழுதிவிட்டு நகர்ந்துவிடும். பழைய எழுத்துகளைத் தொடாது. இடம் போதாவிட்டால் மட்டும் பெரிய வரிசை ஒன்றை எடுத்து, பழையதை அங்கே நகலெடுக்கும்.

இந்தப் ‘பெரிய’ என்பது எவ்வளவு பெரியது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஜாவா பழைய கொள்ளளவை இரட்டிப்பாக்கி, கூட இரண்டு சேர்க்கிறது. 16 நிரம்பினால் 34, பிறகு 70, பிறகு 142. இடம் போதாத போதெல்லாம் இப்படி இருமடங்காகத் தாவுவதால், நம் பத்தாயிரம் வரி அறிக்கை முழுவதற்கும் சுமார் 15 முறை மட்டுமே இடம் மாற வேண்டியிருக்கும். அந்த இடமாற்றங்களில் நகலாகும் எழுத்துகள் ஒன்பது லட்சத்துக்குள். வரிகளை முதலில் எழுதியது ஐந்து லட்சம், இறுதியில் சாதாரணச் சரமாக மாற்றும்போது ஐந்து லட்சம். எல்லாம் சேர்த்தாலும் இருபது லட்சத்தைத் தாண்டாது. 250 கோடி எங்கே, இருபது லட்சம் எங்கே!

இரட்டிப்பாக்காமல், ஒவ்வொரு முறையும் ஆயிரம் எழுத்து இடம் மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? சிக்கனமாகத் தோன்றும் யோசனைதான். 500 முறை இடம் மாற வேண்டும். நகல்கள் பன்னிரண்டரைக் கோடி. பழைய 250 கோடியை விடக் குறைவு என்று மகிழலாம். ஆனால் வரிகள் பத்து மடங்கானால் இதுவும் நூறு மடங்காகும். நோய் அப்படியே இருக்கிறது, காய்ச்சல் மட்டும் தணிந்திருக்கிறது. இருமடங்காகத் தாவும்போதுதான் மொத்த நகல் இறுதி நீளத்தின் சில மடங்குக்குள் அடங்குகிறது. அப்போதுதான் வரிகள் பத்து மடங்கானால் வேலையும் பத்து மடங்கோடு நிற்கும். பைத்தானின் பட்டியலும் சி++ மொழியின் வெக்டரும் விகிதத்தில் வேறுபட்டாலும் இதே வழியில்தான் வளர்கின்றன. இந்த ஒரு கருத்து புரிந்துவிட்டால் பல தரவு அமைப்புகள் தாமாகவே புரியும் என்பதால்தான் இங்கே கொஞ்சம் நின்று பேசினேன்.

இறுதி நீளம் தோராயமாகத் தெரிந்தால் அதை ஸ்ட்ரிங்பில்டரிடம் உருவாக்கும்போதே சொல்லலாம். இடமாற்றங்கள் அறவே இல்லாமல் போகும். இதில் கிடைக்கும் லாபம் சிறியது. தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். ‘ஜாவா கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) கூட்டல் குறியைத் தானாகவே ஸ்ட்ரிங்பில்டராக மாற்றிவிடும், நாம் கவலைப்பட வேண்டாம்’ என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஜாவா 8 வரை கம்பைலர் அப்படித்தான் மாற்றியது. ஜாவா 9-இல் ‘இன்வோக் டைனமிக்’ என்ற கட்டளை வழியாக இன்னும் திறமையான முறை வந்தது. ஆனால் இரண்டு முறைகளும் ஒரு கூற்றுக்குள் (ஒரு முழுக் கட்டளைக்குள்) இருக்கும் கூட்டல்களை மட்டுமே ஒன்றாகச் சேர்க்கின்றன. லூப்பின் அடுத்த சுற்றில் அந்தக் கூற்று புதிதாக மறுபடி ஓடும். அதன் தொடக்கத்தில் முழு அறிக்கையும் மறுபடி நகலாகும். பழைய ஜாவாவில் சுற்றுக்கு ஒரு ஸ்ட்ரிங்பில்டர் பிறந்து, அதே சுற்றில் செத்தது என்பதுதான் வேடிக்கை. ஸ்ட்ரிங்பில்டர் லூப்புக்கு வெளியே உருவாக வேண்டும். அதைச் செய்வது நம் பொறுப்பு.

பைத்தானில் வழக்கமான தீர்வு வேறு மாதிரி. வரிகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய், லூப் முடிந்ததும் ‘ஜாயின்’ கொண்டு ஒரே தடவையில் இணைப்பது. ஜாயின் முதலில் எல்லாத் துண்டுகளின் நீளத்தையும் கூட்டிப் பார்க்கும். தேவையான இடத்தைத் துல்லியமாக ஒருமுறை எடுக்கும். பிறகு துண்டுகளை வரிசையாக அதில் நகலெடுக்கும். மறுநகல் என்ற பேச்சே இல்லை.

ஆனால் பைத்தானில் சோதித்துப் பார்த்தவர்கள், ‘+= கூட வேகமாகத்தானே ஓடுகிறது’ என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதும் சரி. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிபைத்தானில் 2.4 பதிப்பு முதல் ஒரு குறுக்குவழி இருக்கிறது. இடப்பக்கச் சரத்தை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று உறுதியானால், விதியை மீறி அதே இடத்திலேயே நீட்டப் பார்க்கும். அந்தச் சரத்தை இன்னொரு மாறியும் சுட்டினால் இது நடக்காது. சரம் ஒரு பொருளின் (ஆப்ஜெக்ட்) பண்பாக இருந்தாலும் நடக்காது. அதாவது அதே லூப்பை ஒரு கிளாஸுக்குள் கொண்டுபோய் வைத்தவுடன் வேகம் காணாமல் போகலாம். பைபை என்ற மாற்றுப் பைத்தானில் இந்தக் குறுக்குவழியே கிடையாது. பைத்தானின் அதிகாரபூர்வ நடைக் கையேடான பெப் 8, வேகம் முக்கியமான இடங்களில் இதை நம்ப வேண்டாம், ஜாயினைப் பயன்படுத்துங்கள் என்றே சொல்கிறது. எப்போது கிடைக்கும் என்று நிச்சயமில்லாத சலுகையை நம்பி நிரல் எழுதுவதைவிட இது மேல் என்பது என் கருத்தும்.

மற்ற மொழிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சி ஷார்ப்பிலும் ஸ்ட்ரிங்பில்டர் உண்டு. சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் 4-ஆம் பதிப்பு முதல் அது ஒரே பெரிய வரிசைக்குப் பதிலாகத் துண்டுகளின் சங்கிலியாக வைத்துக்கொள்கிறது. கோ மொழிக்கு 2018-இல் வந்த 1.10 பதிப்பில் பில்டர் கிடைத்தது. சி++, ரஸ்ட், பிஎச்பி ஆகியவற்றில் சரம் மாற்றத்தக்கது என்பதால் கடைசியில் ஒட்டுவது பொதுவாகப் பிரச்சினை இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தனிக் கதை. சரம் மாறாதது; ஆனாலும் குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சினில் லூப்புக்குள் += வேகமாகவே ஓடும். இரண்டு நீளமான சரங்களைக் கூட்டும்போது வி8 எழுத்துகளை உடனே நகலெடுப்பதில்லை. ‘இடப்பக்கம் இது, வலப்பக்கம் அது’ என்று குறித்து மட்டும் வைக்கிறது. எழுத்துகள் உண்மையாகவே தேவைப்படும் வேளையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விரித்து எழுதிக்கொள்கிறது. இப்படிப்பட்ட அமைப்புக்கு ரோப் என்று பெயர். ஹான்ஸ் போம், ரஸ் அட்கின்சன், மைக்கேல் பிளாஸ் மூவரும் 1995-இல் இதை விரிவாக விளக்கி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஜாவாவுக்காக எழுதப்பட்ட அறிவுரையை ஜாவாஸ்கிரிப்டில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதில் பொருளில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஸ்ட்ரிங்பில்டருக்கு மாறிய பிறகும் சிலர், ‘வேகம் கூடவே இல்லை’ என்பார்கள். பார்த்தால், லூப்புக்குள்ளேயே ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சாதாரணச் சரமாக மாற்றி எதையோ சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு முழு நகல். விரட்டிய நோய் கொல்லைப்புறமாகத் திரும்பிவிட்டது. நீளம் மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஸ்ட்ரிங்பில்டரிடமே கேட்கலாம்.

இன்னொன்று, முன்பக்கத்தில் செருகுவது. புதிய வரி மேலே வரவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியமாவது இடத்தில் செருகினால், உள்ளே இருக்கும் எல்லா எழுத்துகளும் வலப்பக்கம் நகர்ந்தாக வேண்டும். மீண்டும் வர்க்கக் கணக்கு. வரிகளைப் பட்டியலில் சேர்த்து, பட்டியலைத் திருப்பிவிட்டு இணைப்பதே நல்லது. ‘கடைசியில் ஒட்டிவிட்டு எழுத்துகளைத் திருப்பினால் போயிற்று’ என்று ரிவர்ஸ் செயலைத் தேடுபவர்கள் தமிழில் கவனமாக இருக்க வேண்டும். ஜாவாவின் ரிவர்ஸ் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனி எழுத்துகளாகவே திருப்பும். ‘தமிழ்’ என்று கொடுத்தால் முதலில் அநாதையாக ஒரு புள்ளி வந்து நிற்கும். இகரக் குறி மகரத்தை விட்டுவிட்டு ழகரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

வரிகளுக்கு நடுவே காற்புள்ளி போட்டுக்கொண்டே போய்க் கடைசிக் காற்புள்ளியை வெட்டும் வித்தையும் இன்று தேவையில்லை. 2014-இல் வெளியான ஜாவா 8 முதல் அங்கேயும் சரங்களுக்கு ஜாயின் இருக்கிறது. பிரிப்பானை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் படித்துவிட்டு நிரலில் உள்ள எல்லாக் கூட்டல் குறிகளையும் ஒழிக்கக் கிளம்ப வேண்டாம். பெயரையும் ஊரையும் நடுவில் ஒரு காற்புள்ளியையும் ஒரே வரியில் கூட்டுவது சுத்தமான, வேகமான நிரல். அதை ஸ்ட்ரிங்பில்டராக மாற்றினால் படிப்பவருக்குத் தொல்லையே தவிர லாபம் இல்லை. ஏழு கிழமைகளின் பெயர்களை லூப்பில் சேர்ப்பதற்கும் அப்படியே. சுற்றுகளின் எண்ணிக்கை சிறியது, இனியும் சிறியதாகவே இருக்கும் என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். எண்ணிக்கையைப் பயனரோ தரவுத்தளமோ தீர்மானிக்கிறது என்றால் மட்டும் விழித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமாக இருந்தால் அளந்து பாருங்கள். அளக்கும் முறை எளிது. ஐயாயிரம் வரிகளுக்கு எவ்வளவு நேரம், பத்தாயிரத்துக்கு எவ்வளவு, இருபதாயிரத்துக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். வரிகள் இரட்டிக்கும்போது நேரமும் ஏறத்தாழ இரட்டித்தால் நிரல் நலமாக இருக்கிறது. நேரம் நான்கு மடங்காகிக்கொண்டே போனால் எங்கோ மறுநகல் நடக்கிறது. ஒரே ஓர் அளவில் மட்டும் நேரம் பார்த்தால் இது தெரியாது. பைத்தானில் டைம்இட், ஜாவாவில் ஜேஎம்எச் ஆகியவை இதற்கென்றே இருக்கும் கருவிகள். முதல் சோதனைக்கு நிரலின் தொடக்கத்திலும் முடிவிலும் கடிகாரத்தைப் பார்ப்பதே போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பெரிய சரம் எதற்காக? பெரும்பாலும் கோப்பில் எழுதவோ, வலையில் அனுப்பவோதான். அப்படியானால் அதை நினைவகத்தில் முழுதாகக் கட்டி நிறுத்துவானேன்? ஒவ்வொரு வரியும் தயாரானதும் நேராகக் கோப்பில் எழுதிவிடலாம். வரிக்கு வரி வட்டைத் தட்டினால் அதுவும் மெதுவாகும் என்பதால், நடுவில் ஓர் இடையகம் வைத்து அது நிரம்பும்போது மட்டும் எழுதுவார்கள். ஜாவாவில் பஃபர்டுரைட்டர் இந்த வேலையைச் செய்கிறது. பைத்தானில் கோப்பைத் திறந்தாலே இடையகம் கூடவே வருகிறது. ஒரு கோடி வரி அறிக்கையானாலும் நினைவகத்தில் இருப்பது இடையகம் கொள்ளும் அளவு வரிகள்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வேலை முடிந்ததும் கோப்பை மூடவேண்டும். இல்லையென்றால் இடையகத்தில் தங்கிய கடைசி வரிகள் வட்டைச் சேராமலே போய், அறிக்கை பாதி வரியில் அறுந்து நிற்கலாம். ஜாவாவின் ‘ட்ரை வித் ரிசோர்சஸ்’ அமைப்பையோ பைத்தானின் ‘வித்’ கூற்றையோ பயன்படுத்தினால் நடுவில் பிழை நேர்ந்தாலும் கோப்பு தானாக மூடப்பட்டுவிடும்.